துப்பாக்கிக் கழுத்தில் ஒரு பழைய ஒட்டு

ஒரு பழைய துப்பாக்கியைக் கையில் வாங்கினால் அம்மா முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவாள். பிறகு கண்ணை மூடிக்கொள்வாள். புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அவளுடைய வலது கட்டைவிரல் கழுத்தின்மேல் எறும்பு போல நகர்ந்துகொண்டிருக்கும்.

இரும்பு முடிந்து மரக்கட்டை தொடங்கும் இடத்தில், விரல்கள் சுற்றிப் பிடிக்கிற மெலிந்த பகுதிக்கு எங்கள் கடையில் கழுத்து என்று பெயர். துப்பாக்கி கீழே விழுந்தால் அங்கேதான் உடையும். உடைந்ததை ஒட்டி மெருகேற்றிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும். மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். ஒட்டின் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இருபது முப்பது வருடத்தில் நடுவே ஒரு படி உண்டாகும், ஒரு தலைமுடியின் தடிமனில் பாதி உயரத்துக்கு.

"படி இருந்தா தப்பில்ல. வயசாச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான்" என்பாள்.

தப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அடுத்தது. படி இருக்கும் இடத்தில் நாலு சொட்டு ஸ்பிரிட் விடுவாள். ஒரு நிமிடம் ஊறவிட்டு, துணியால் நன்றாகத் துடைப்பாள். கட்டையின் அடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழலைப் பிடித்து லேசாக வளைத்து விடுவாள். ஒட்டு விட்டுப்போயிருந்தால் உள்ளே இறங்கிய ஸ்பிரிட் ஈரக்கோடாக மேலே கசியும். வளைக்கும்போது தெரியும், விட்டால் மறையும். அதைத்தான் "மூச்சு விடுது" என்பாள். பிறகு ஒரே சொல். ஆகும். இல்லையென்றால் ஆகாது.

குழாய்களில் வெல்டிங் விரிசல்களைச் சோதிப்பது என் வேலை. என் அறிக்கைகள் நாலு பக்கத்துக்குக் குறைந்து வருவதில்லை. அம்மாவின் அறிக்கை ஒரு சொல். முப்பத்தாறு வருடத்தில் அவள் அந்தச் சொல்லை ஒரே ஒரு முறைதான் திரும்ப வாங்கினாள். அப்போது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கல்யாணத்துக்கு முன் அம்மா ஹாக்கி மட்டை செய்யும் தொழிற்சாலையில் பசைப் பிரிவில் இருந்தாள். மட்டையின் கைப்பிடியையும் வளைந்த அடியையும் ஆப்பு வடிவில் சீவி, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ஒட்டும் இடம். ஆறு வருடம். பசையின் பதத்தை மூக்காலேயே சொல்வாள். அப்பா துப்பாக்கி பழுதுபார்ப்பவர். இரும்பு வேலையில் கெட்டிக்காரர், மரத்தில் முரடர். உடைந்த கழுத்தைச் சுற்றிப் பித்தளைப் பட்டை அடித்து, நாலு ஸ்க்ரூவை முடுக்கி அனுப்பிவிடுவார். கல்யாணமாகி மூன்றாம் வாரம், சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கடைக்குப் போன அம்மா அதைப் பார்த்திருக்கிறாள்.

"இது என்னங்க, குதிரைக்கு லாடம் அடிச்ச மாதிரி?"

"அப்ப நீயே பண்ணு."

"பண்றேன். தள்ளுங்க."

அப்பா தள்ளினார். அதற்குப் பிறகு கடைக்குள் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி ஓர் எல்லை வந்தது. ஜன்னல் பக்கம் மரம், கதவுப் பக்கம் இரும்பு. எல்லையைத் தாண்டி ஒரு ரம்பம் போனாலும் சண்டை. கடை பெரியதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தால் முதுகு இடிக்கும். சுவரில், ஒட்டியதை இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள், அளவு வாரியாக. கண்ணாடிச் சில்லுகள் நிறைந்த பிஸ்கட் டப்பா ஒன்று. மரத்தை வழவழப்பாகச் சுரண்ட உடைந்த கண்ணாடியைவிட நல்ல கருவி கிடையாது என்பது அம்மாவின் முடிவு. தூரப்பார்வைக்கு ஒரு கண்ணாடி மூக்கில், கிட்டப்பார்வைக்கு ஒன்று நெற்றியில். அதனால் துப்பாக்கி சுடும் கிளப்பில் அவளுக்குப் பெயர் ரெட்டைக் கண்ணாடி. அவளுக்கும் அது தெரியும். "ரெண்டும் சேர்ந்தா நாலு கண்ணு. உங்களுக்கு ரெண்டுதானே?" என்பாள்.

அவளுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒட்டி முடித்த கட்டையின் உள்பக்கம், இரும்பு மூடிக்கொள்ளும் இடத்தில், தேதியையும் பயன்படுத்திய பசையையும் பென்சிலால் எழுதுவாள். வெளியே தெரியாது. அடுத்துத் திறப்பவருக்காக. மற்றது தொழிலில் எல்லோருக்கும் உள்ள கட்டுப்பாடு. வாங்காத துப்பாக்கியில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கக் கூடாது. பழைய ஸ்க்ரூவின் பிளவு ஒருமுறை வழுக்கினாலும் வடு விழும். பிறகு விற்பவர், "இவங்க கை வெச்சப்புறம்தான் கெட்டுப்போச்சு" என்பார். ஆகவே வாங்கும் முன் பார்ப்பதெல்லாம் வெளியிலிருந்துதான்.

நாலு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. பல் டாக்டர் கடைக்கு வந்தார். எங்கள் தெரு முனையில் அவருடைய கிளினிக். எந்திரம் வீசும் களிமண் தட்டுகளைப் பறக்கும்போதே சுடுகிற விளையாட்டில் அவருக்குப் பைத்தியம். பதினோரு வருடமாகக் கிளப்பின் இரவல் துப்பாக்கியில் சுட்டார். சொந்தத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்து, அலைந்து, அப்போதுதான் கிடைத்திருந்தது.

"அக்கா, ஒரு பேஷன்டைப் பார்க்க நீங்க வரணும்."

"பல்லை நீங்களே பார்த்துக்குவீங்களே."

"பல்லு இல்லக்கா, கழுத்து. பழைய முறிவு. யாரோ ஒட்டியிருக்காங்க. பார்த்ததும் எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதான் பயமா இருக்கு."

அப்பா அரத்தை நிறுத்தினார். "பிடிச்சுப்போனப்புறம் எதுக்கு டாக்டர் பரிசோதனை? என்னையெல்லாம் யாரும் பரிசோதிச்சுப் பார்க்கல."

"பார்த்திருந்தா அன்னைக்கே ஆகாதுன்னு சொல்லியிருப்பாங்க" என்றாள் அம்மா. நெற்றிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு செருப்பை மாட்டினாள். "பாப்பா, ஸ்பிரிட் பாட்டிலும் துணியும் எடு." எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு.

துப்பாக்கி இருந்தது ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் வீட்டில். அவருடைய கணவர் போஸ்ட் மாஸ்டர். முந்தைய வருடம் காலமாகிவிட்டார். அவர் உரிமம் அவரோடு முடிந்தது. வாரிசுக்குக் கொடுத்த அவகாசம் வரும் திங்கட்கிழமை முடிகிறது. அதற்குள் உரிமம் உள்ளவர் யாராவது வாங்கி, சுடும் நிலையில் இருக்கிறது என்று ஒரு கடையின் சான்றோடு பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படி ஒப்படைத்த பழசுகளை ஒன்றாகச் சேர்த்து உருக்க அனுப்பிவிடுவார்கள். டீச்சரும் மகள் வீட்டோடு போய்விட ஏற்பாடாகியிருந்தது. கூடமெங்கும் கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகள். படங்கள் மாட்டியிருந்த இடங்களில் சுவர் மட்டும் புதிதாக இருந்தது.

சாப்பாட்டு மேசைமேல், மடித்த போர்வையில் துப்பாக்கி. பக்கவாட்டில் இரட்டைக் குழல், எழுபது எண்பது வருடம் பழசு. இரும்பில் மெல்லிய பூவேலை. கட்டை நல்ல வால்நட் மரம், தேன் நிறத்தில் பளபளத்தது. இடது பக்கம் கழுத்தைச் சாய்வாகக் கடக்கும் ஒரு கோடு.

டாக்டர் அதன் பக்கம் போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார்.

"சும்மா வந்து தொடுங்க டாக்டர், கடிக்காது" என்றார் டீச்சர்.

"வேண்டாம் டீச்சர். தொட்டா அப்புறம் விட மாட்டேன்."

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கண்ணை மூடினாள். கட்டைவிரல் போயிற்று, வந்தது. படி இருந்தது. தலையை அசைத்தாள், அது சரி. ஸ்பிரிட் விட்டாள். துடைத்தாள். வளைத்தாள். கோடு நனைந்தது. விட்டாள், மறைந்தது. இன்னொரு முறை வளைத்தாள். நனைந்தது. நானும் பார்த்தேன். என் கண்ணுக்கும் அது விரிசல்தான்.

"மூச்சு விடுது" என்றாள். "ஆகாது."

டாக்டர் ஜன்னலை விட்டு ஓர் அடி முன்னால் வந்து, "மறுபடி ஒட்ட முடியாதாக்கா?" என்று கேட்டார்.

"முடியும். மரத்துக்குள்ள துப்பாக்கி எண்ணெய் ஊறியிருந்தா பசை பிடிக்காது. அதை இழுக்கவே மூணு வாரம் ஆகும். திங்கட்கிழமைக்கு நடக்காது."

"புதுக் கட்டை?"

"ஒரு வருஷம். அப்புறம் அது வேற துப்பாக்கி."

டீச்சர் போர்வையின் நாலு முனையையும் துப்பாக்கியின்மேல் மடித்தார். "சரி. திங்கட்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்துடறேன். மகள் வீட்டுக்குப் போற வழிதான்." பாடம் முடிந்தது என்று சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் மடித்த போர்வைமேல் கையை வைத்தவர் அதை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது டாக்டர் என்னிடம் குனிந்து, "உங்கம்மாகிட்ட கொஞ்சம் சொல்லிப் பார்க்கக் கூடாதா?" என்றார். அம்மாவுக்குக் காது கூர்மை.

"சொத்தைப் பல்லை நல்ல பல்லுன்னு சொல்வீங்களா டாக்டர்?"

"சொல்ல மாட்டேன். ஆனா அது அடுத்தவன் வாய். இது, சுடும்போது கட்டையில வைக்கிற என் கன்னம்தானேக்கா."

"அதனாலதான் சொல்றேன். கன்னம் கிழிஞ்சா நீங்க பல் பிடுங்கும்போது யார் நம்பி வாயைத் திறப்பாங்க?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கிளினிக் படியேறினார். கதவைச் சாத்திய சத்தத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை. பின்பக்கக் கொடியில் தொங்கிய துணிகளை மடிக்க அம்மா போனாள். போனவள் வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் ஸ்பிரிட் துடைத்த துணி அவள் கையில் இருந்தது. அதை ஒரு முனையில் பிடித்து நிமிர்த்தி வைத்திருந்தாள். துணி மடங்காமல் அட்டை போல நின்றது.

"இதைத் தொட்டுப் பாரு."

தொட்டேன். விறைப்பாக இருந்தது. மஞ்சள் கறை.

"எண்ணெய் தேய்ச்சு மெருகேத்தின கட்டையைத் துடைச்சா துணி இப்படி விறைக்குமா?"

"விறைக்காது."

"இது வார்னிஷ். மேசை நாற்காலிக்கு அடிக்கிற வார்னிஷ். தட்டையா, தடிமனா, அடுக்கு அடுக்கா அடிச்சிருக்காங்க. படி மேல அடிச்ச வார்னிஷ் வெடிச்சா, கோடு எங்க விழும்?"

"படி மேலயே."

"வளைச்சா?"

"வார்னிஷ் வெடிப்பு திறக்கும்."

எங்கள் வேலையிலும் இந்தத் தப்பு உண்டு. வெல்டிங்மேல் பெயின்ட் வெடித்திருக்கும். அதை இரும்பின் விரிசல் என்று எழுதிவிட்டு, பிறகு சுரண்டிப் பார்த்து அசடு வழிந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருத்தி. அதை அம்மாவிடம் சொன்னேன்.

"உங்க ஆபீஸ்ல என்ன பண்ணுவாங்க?"

"பழைய அறிக்கையை ரத்து பண்ணி, திரும்பச் சோதிப்பாங்க."

"அவ்வளவுதானா? திட்ட மாட்டாங்களா?"

"திட்டுவாங்க."

அம்மா துணியை மடிக்கப் பார்த்தாள். அது மடங்கவில்லை. அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தாள். அப்பா அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார்.

"என்னங்க, நான் சொன்னது தப்போன்னு தோணுது."

அப்பா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "என்னைக்குச் சொன்னது? கல்யாணத்தன்னைக்கா?"

"விளையாடாதீங்க. வார்னிஷ் வெடிப்பை மர வெடிப்புன்னு சொல்லிட்டேன். நாளை மறுநாள் அந்தத் துப்பாக்கி உருக்கறதுக்குப் போகப்போகுது. நல்ல ஒட்டா இருந்துட்டா?"

"கெட்ட ஒட்டா இருந்தா?"

"தெரியல. திறந்து பார்த்தாத்தான் தெரியும். திறக்கணும்னா அந்தம்மாகிட்ட கேட்கணும்."

அப்பா தன் ஸ்க்ரூ டிரைவர்களில் நாலை எடுத்து, ஒவ்வொன்றின் நுனியையும் வெளிச்சத்தில் பார்த்துத் துணியில் சுற்றினார். அவர் அப்படிச் செய்தால் சம்மதம் என்று அர்த்தம்.

டீச்சர் கதவைத் திறந்தபோது அம்மா வாசலிலேயே சொன்னாள். "டீச்சர், நேத்து நான் அவசரப்பட்டுட்டேன். கட்டையைக் கழற்றிப் பார்க்க அனுமதி வேணும். மேல இருக்கிற வார்னிஷைக் கொஞ்சம் சுரண்டணும். கெட்டுப்போச்சுன்னா என் பொறுப்பு."

"உருக்கப் போறதுக்குக் கெட்டா என்ன, கெடாட்டி என்ன? வாங்க. ஆனா வார்னிஷ் போடும்போது வீடே நாறும். முப்பது வருஷம் பொறுத்துக்கிட்டேன். சுரண்டினாலும் நாறுமா?"

"நாறாது" என்றாள் அம்மா. பிறகு, "முப்பது வருஷமா?" என்றாள்.

"வருஷா வருஷம். மழை முடிஞ்சதும் டப்பாவைத் திறந்துடுவார்."

அப்பா சொல்லியனுப்பியதும் பல் டாக்டர் கிளினிக் கோட்டோடு வந்து சேர்ந்தார். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருப்பதாகச் சொன்னார். "மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன். இருபது நிமிஷம் இருக்கு."

அப்பா ஸ்க்ரூவில் நுனியை வைத்து, மூச்சைப் பிடித்து, ஒரே திருப்பு. வழுக்கவில்லை. இன்னொன்று. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தைக் கழற்றினார். இரும்பு முழுவதையும் முன்னால் இழுக்க, கட்டை தனியாக அம்மாவின் கைக்கு வந்தது. இரும்பு மூடியிருந்த குழிக்குள் வார்னிஷ் போயிருக்க வழியில்லை. பூச்சில்லாத வெறும் மரம். அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். நெற்றிக் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?" என்றார் டாக்டர்.

அவள் கட்டையை என்னிடம் நீட்டினாள். உள்ளே பென்சில் எழுத்து. அவளுடைய எழுத்து. இப்போது எழுதுவதைவிட உருண்டையாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல. ஒரு தேதி, பசையின் பெயர். அதன் கீழே: எண்ணெய் முழுதும் எடுக்கவில்லை. அவசரம். மழைக்குப் பின் பிரித்து மறுபடி ஒட்டணும்.

தேதி நான் பிறப்பதற்கு ஐந்து நாள் முன்.

"நான் ஒட்டினது" என்றாள் அம்மா. "எனக்கு ஞாபகமே இல்ல."

அப்பா எட்டிப் பார்த்தார். "போஸ்ட் மாஸ்டர்… ஆமாம்மா. ஞாயித்துக்கிழமை போட்டி இருக்கு, வேணும்னு நின்னார். நீ வயித்தைத் தூக்கிக்கிட்டுக் கவ்வி மாட்டின. ஒட்டி முடிச்சப்புறம் மனசு கேக்காம, சுடக் கூடாதுன்னு சொல்லச் சொன்ன. நான்தான் சொன்னேன். சுடாதீங்க சார், மழை முடிஞ்சு கொண்டுவாங்கன்னு. அப்புறம் ஆஸ்பத்திரி, குழந்தைன்னு…" என்னைக் கையால் காட்டினார், ஏதோ அன்றைக்கும் நான்தான் குறுக்கே வந்தது போல.

அம்மா டீச்சர் பக்கம் திரும்பினாள். "அவர் அதுக்கப்புறம் சுட்டாரா?"

"எங்க சுட்டார்? ஒரு நாளும் இல்ல. சுடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு சுவத்துல மாட்டினவர்தான். உரிமம் புதுப்பிக்க மட்டும் இறக்குவார். சொன்னது நீங்கதான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒட்டைச் சோதிக்கவில்லை. கட்டையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்தாள்.

"பாருங்க டீச்சர். இது நல்ல ஒட்டா இருந்தா, ஒருத்தரை முப்பது வருஷத்துக்கு மேல அவர் துப்பாக்கியைத் தொட விடாமப் பண்ணியிருக்கேன். கெட்ட ஒட்டா இருந்தா டாக்டருக்கு இல்லன்னு ஆயிடும். எதுன்னு பார்க்கவே கை வரல."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

"பாருங்க" என்றார் டீச்சர். "விடை தெரியாம நான் எந்தக் கணக்கையும் மூடினதில்ல."

அம்மா கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து, கழுத்துக் கோட்டின் மேலிருந்த வார்னிஷை ஒரு விரலகலத்துக்குச் சுரண்டினாள். அது நகம் நகமாகப் பெயர்ந்து வந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகள். அடியில் மரம் தெரிந்தது. மரத்தில் ஒட்டுக்கோடு, நூலை நனைத்து இழுத்தது போல மெல்லியதாக. ஸ்பிரிட் விட்டாள். இந்த முறை ஒரு நிமிடமல்ல, ஐந்து நிமிடம் ஊறவிட்டாள். உள்குழியிலும் விட்டாள். துடைத்தாள். கட்டையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, "அழுத்து" என்றாள். அழுத்தினேன். "இன்னும்." என் உடம்பின் எடையைப் போட்டேன்.

உலர்ந்தே இருந்தது. வெளியேயும், உள்ளேயும்.

"விடு. மறுபடி."

உலர்ந்தே இருந்தது.

அம்மா விரலால் கோட்டைத் தடவினாள். "எண்ணெய் நான் பயந்த அளவுக்கு இல்ல போலிருக்கு" என்று கட்டையிடம் சொல்வது போலச் சொன்னாள். "சுடாம வெச்சதுல புதுசா எண்ணெயும் ஏறல. டாக்டர், நேத்து நான் சொன்னது தப்பு. ஆகும்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடினார். அப்பா, "டாக்டர், உங்களுக்கும் ஊசி போட்டாச்சா?" என்றார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "டீச்சர், அவருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டீச்சர் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அவருக்குச் சுடவே வராது. அந்தப் போட்டியில அதுக்கு முந்தின வருஷமும் கடைசி, அதுக்கும் முந்தின வருஷமும் கடைசி. நீங்க சுடக் கூடாதுன்னு சொன்னதும் மனுஷனுக்கு முகமெல்லாம் பல்லு. கிளப்ல கேட்டா, 'துப்பாக்கி ஓய்வுல இருக்கு, அதோட டாக்டர் சொல்லியிருக்காங்க'ன்னு சொல்லிட்டு உட்கார்ந்து மார்க் போடுவார். மழை முடிஞ்சதும், 'கடைக்குக் கொண்டுபோகணும்'பார். அப்புறம் வார்னிஷ் டப்பாவை எடுப்பார். ஞாயித்துக்கிழமையெல்லாம் வீட்ல இருந்தார். எனக்கு அதுல ஒரு குறையும் இல்ல."

அம்மா கட்டையை மேசைமேல் வைத்தாள். "முழுக்க அப்படித்தானா?" என்றாள்.

"முழுக்கன்னு யார் சொன்னா? ரெண்டு மூணு தடவை இறக்கித் தோள்ல வெச்சுப் பார்த்தார். பார்த்துட்டு மாட்டிட்டார். அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்னா தெரிஞ்சுக்குங்க."

"தெரிஞ்சுக்கணும்" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்குப் போனோம். புல்வெளியின் ஓரத்தில் பழைய லாரி டயர் ஒன்று கிடக்கும். சான்று கொடுக்கும் முன் துப்பாக்கியை அதில் கட்டி, விசையில் கயிறு மாட்டி, தூரத்திலிருந்து இழுத்துச் சுட்டுப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். ஒவ்வொரு குழலுக்கும் மூன்று தோட்டா. ஆறும் வெடித்தன. அவிழ்த்துக் கொண்டுவந்தார். அம்மா கோட்டைப் பார்த்தாள், ஸ்பிரிட் விட்டாள், வளைத்தாள். உலர்ந்திருந்தது.

டாக்டர் கையை நீட்டினார்.

"இருங்க" என்றாள் அம்மா. "முதல்ல நான்."

"எதுக்குக்கா? டயர் சுட்டாச்சே."

"டயருக்குக் கன்னம் இல்ல. ஆகும்னு சொன்ன வாய்க்குப் பக்கத்துல இருக்கிற கன்னத்தைத்தான் முதல்ல வைக்கணும்."

"உனக்கு ஐம்பத்தெட்டு வயசு" என்றார் அப்பா.

"கட்டைக்கு எண்பது. அது ஒண்ணும் சொல்லல. தள்ளுங்க."

அப்பா தள்ளினார்.

அம்மா சுடத் தெரிந்தவள் இல்லை. ஒட்டிய கட்டைகளை எல்லாம் தோளில் வைத்துப் பார்த்திருக்கிறாளே தவிர, விசையை இழுத்தது நாலைந்து முறை இருக்கலாம். இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். காதில் பஞ்சு. எதிரே இருந்தது மண்மேடு; குறி தேவையில்லை. கன்னத்தைக் கட்டையில் பதித்து, வலது குழலைச் சுட்டாள். பறவைகள் எழுந்தன. உடம்பு ஓர் அடி பின்னால் போய், நின்றது. காலைச் சரியாக ஊன்றிக்கொண்டு இடது குழலையும் சுட்டாள். இறக்கி, கண்ணை மூடி, கட்டைவிரலைக் கழுத்தில் ஓட்டினாள்.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் கண்ணாடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

"வாங்க டாக்டர்" என்று நீட்டினாள்.

டாக்டர் இருபத்தைந்து தட்டு சுட்டார். ஒன்பது உடைந்தன. இரவல் துப்பாக்கியில் அவர் வழக்கமாகப் பதினைந்து உடைப்பவர். கிளப்காரர் ஒருவர் அதைச் சொன்னபோது, "இது முப்பத்திரண்டு வருஷம் தூங்கின துப்பாக்கி சார், இப்பத்தான் கண் முழிச்சிருக்கு" என்றார். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்திருந்த டீச்சர் காதிலிருந்து விரலை எடுத்தார். "இவ்வளவு சத்தமா? இது தெரிஞ்சிருந்தா வார்னிஷ் வாங்கிக் கொடுத்திருப்பேனே" என்றார். அம்மா அதற்குத்தான் சிரித்தாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. விட்டு விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் தோளில் கையை வைத்துக்கொண்டு. டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது.

திங்கட்கிழமை காலையில் அப்பா சான்று எழுதினார். டாக்டர் பதிவு அலுவலகத்துக்குப் போனார். டீச்சர் மகள் வீட்டுக்குப் புறப்பட்டார். வழியில் நிற்க வேண்டிய இடம் எதுவும் இல்லை.

அம்மாவின் வலது தோளில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. உள்ளங்கை அகலம், ஓரம் மட்டும் மஞ்சள். அப்பா வெந்நீரும் துணியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேண்டாங்க" என்றாள். "அதுவா போகட்டும்."

பத்து நாள் இருந்தது. என் விடுமுறை முடிந்து நான் கிளம்பியபோதும் இருந்தது. பெட்டியைத் தூக்க வந்தவளிடம், தோளைப் பார்த்துக்கொள் என்று சொன்னேன். அவள் பெட்டியை வலது கையாலேயே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.